வண்டி விளக்கை நிமிர்த்தி வைத்தது நான்தான்

தேன்மொழி,

நீ சீர்காழிக்குக் கிளம்பிப் போய் இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. அன்று காலை உன் கட்டிலையும் பீரோவையும் வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, நீ உன் வண்டியில் பின்னாலேயே புறப்பட்டாய். நான் வாசலில் நின்றுகொண்டு, டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். இருக்குப்பா என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாய். அதன் கண்ணாடியை இறக்குவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாய். நான் ஏதாவது சொல்லுவேன் என்று நீ காத்திருக்கிறாய் என்பது எனக்குத் தெரிந்தது. தெரிந்துதான் குனிந்து பின்டயரைப் பார்த்தேன். வண்டிச் சத்தம் ஆற்றங்கரை ரோட்டில் தேய்ந்து மறையும்வரை நான் நிமிரவே இல்லை.

வெளியூருக்குப் போகிற பிள்ளைக்கு அப்பா கடிதம் எழுதினால், அதில் புத்திமதி இருக்கும். எனக்கு அந்த இடம் இப்போது இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இதில் பாதிக்கு மேல் உனக்குத் தெரியும். ஆனால் என் வாயிலிருந்து ஒரு வார்த்தைகூட நீ கேட்டதில்லை. அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து முதலிலிருந்தே சொல்கிறேன். நம்மைத் தெரியாத ஒருவர் கையில் இது கிடைத்தாலும், யார் செய்தது, யார் சுமந்தது என்று அவருக்கும் சந்தேகமில்லாமல் விளங்க வேண்டும்.

"இருட்டுறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடு." உன்னிடம் நான் அதிகம் சொன்ன வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போனபோது சொன்னேன். கால்நடை மருத்துவம் படித்து முடித்து, பக்கத்து ஊர் மருந்தகத்துக்கே டாக்டராக வந்த பிறகும் சொன்னேன். மாடு நேரம் பார்த்தா கன்று போடுகிறது என்று நீ ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டாய். உன் சம்பளத்தில் அந்த உயரமான வண்டியை வாங்கி வந்தாயே, கல்லும் குழியுமான பாதையில் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி என்றாயே, அன்றிலிருந்து நான்கு நாள் உன்னோடு நான் சரியாகப் பேசவில்லை. பெண்பிள்ளைக்கு ஸ்கூட்டர் போதாதா என்று உன் அம்மாவிடம் சொன்னேன். ஆபத்து என்று பயந்ததாக அவளிடம் காட்டிக்கொண்டேன். உண்மையில் என் பயம் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற ஆட்களைப் பற்றியது. லைன்மேன் மகள் எதில் போகிறாள் பார் என்று அவர்கள் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம்.

அந்த ஆட்கள் என்னைப் பற்றி வைத்திருந்த மதிப்பு எனக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது. முப்பத்தோரு வருஷம் கம்பம் ஏறியவன் நான். புயல் அடித்த வருஷம் பேராவூரணிப் பக்கம் தென்னைமரமெல்லாம் கம்பிமேல் சாய்ந்து கிடந்தபோது, வாரக்கணக்கில் வீட்டுக்கே வராமல் வேலை செய்தேன். திரும்பி வந்ததும் நம் ஊர்க்காரர்கள் எனக்குத் துண்டு போர்த்தினார்கள். அப்போது நீ காலேஜில் சேர்ந்த புதிது. அந்தத் துண்டை நான் கழற்றவே இல்லை என்று இப்போது தோன்றுகிறது. தப்பே செய்யாத மனுஷன் என்று நாலு பேர் சொன்னதை நானே நம்பிவிட்டேன். அப்படி நம்பிவிட்டவனுக்கு, தப்பு செய்யும்போது அதை ஒத்துக்கொள்ளும் பழக்கம் இருப்பதில்லை.

வண்டிக்குக் கூடுதலாக இரண்டு விளக்கு போட வேண்டும் என்று நீ சொன்னது புரட்டாசியில். ஆற்றங்கரை ரோட்டில் தெருவிளக்கு கிடையாது. மழை பெய்தால் குழி எது, தண்ணீர் எது என்று தெரியாது. வண்டியோடு வந்த ஹெட்லைட் போதவில்லை என்றாய். கடைக்குக் கொண்டுபோக வேண்டாம், நானே பொருத்தித் தருகிறேன் என்று நான் சொன்னதும் உன் முகம் மலர்ந்ததே, அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முன்னாலிருக்கும் இரும்புக் காப்பில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மஞ்சள் விளக்கு. பேட்டரியிலிருந்து தனி வயர் எடுத்து, ஃப்யூஸ் வைத்து, ரிலே வைத்து, இடது கட்டைவிரலுக்கு எட்டுகிற இடத்தில் தனி சுவிட்ச். வயர் எங்கேயும் உரசாமல் டாங்கிக்கு அடியில் நான் கட்டிக்கொண்டு போனதைப் பார்த்து, கடையில்கூட இவ்வளவு சுத்தமா செய்ய மாட்டாங்கப்பா என்றாய். அந்த இரண்டு நாளும் நாம் பேசியதுபோல அதற்கு முன் பேசியதில்லை. மாட்டுக்கு ஊசி போடும்போது அது உதைக்காமல் இருக்க எங்கே நிற்க வேண்டும் என்று நீ சொன்னாய். ஈரக் கம்பத்தில் எப்படிக் காலை ஊன்ற வேண்டும் என்று நான் சொன்னேன்.

மூன்றாம் நாள் பொழுது சாய்ந்ததும், எதிரே இருக்கும் அரிசி ஆலையின் பின்சுவருக்கு நேராக வண்டியை நிறுத்தினாய். ஆள் உட்கார்ந்தால் வண்டியின் பின்பக்கம் அமுங்கும், வெளிச்சம் மேலே ஏறிவிடும், அதனால் ஆள் உட்கார்ந்த நிலையில்தான் விளக்கைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லி என்னை வண்டிமேல் உட்காரச் சொன்னாய். விளக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாய். வெளிச்சம் அந்தக் கோட்டுக்குக் கீழேயே நிற்கிற மாதிரி விளக்கைச் சாய்த்து முடுக்கினாய். கொஞ்சம் தூக்கி வைத்தால் தூரம் தெரியுமே என்று நான் கேட்டதற்கு நீ சொன்ன பதில் இது.

"நமக்கு வழி தெரிஞ்சாப் போதும்பா. எதிர்ல வர்றவங்க கண்ணுல அடிக்கக் கூடாது. ஆள் வந்தா நான் மொதல்ல இத அணைச்சிடுவேன்."

சரி என்று தலையாட்டினேன். ஆனால் மனசுக்குள் ஒத்துக்கொள்ளவில்லை. எத்தனை தெருவிளக்கைத் திருப்பி வைத்தவன் நான், வெளிச்சத்தைப் பற்றி இவள் எனக்குச் சொல்லிக்கொடுக்கிறாளா என்றிருந்தது. அந்த வண்டியில் உட்கார்ந்த இடத்திலிருந்து இறங்கவும் எனக்கு மனசில்லை. அதையும் உன்னிடம் சொல்லவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் பட்டுக்கோட்டையில் தடுப்பூசி முகாம் என்று நீ மற்ற டாக்டர்களோடு ஜீப்பில் போய்விட்டாய். வண்டி வீட்டில் நின்றது. சாயங்காலம் நான் உன் கருவிப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, இரண்டு விளக்கையும் தளர்த்தி, இரண்டு விரல் அளவு நிமிர்த்தி முடுக்கினேன். உன்னைக் கேட்கவில்லை. நீ வந்து பார்த்து, அப்பா வைத்ததுதான் சரி என்று சொல்லுவாய் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு, சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்ற சாக்கில் வண்டியை வெளியே எடுத்தேன். கால் நுனிதான் தரையில் பட்டது. ஆறு மணிக்குமேல் இருக்கும், தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஆற்றில் கரை தொட்டுத் தண்ணீர் ஓடியது. சுவிட்சைப் போட்டதும் ரோட்டின் கடைசிவரைக்கும் மஞ்சளாகத் தெரிந்தது. எனக்கு அறுபத்தோரு வயது, தேனு. சின்னப்பையன்போல சந்தோஷப்பட்டேன். மதகடியில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பார்க்கட்டும் என்று அவர்கள் முன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன். இருட்டில் யாரென்று அவர்களுக்குத் தெரியவில்லை. வண்டி மட்டும்தான் தெரிந்தது.

திரும்பி வரும்போது எதிரே ஒரு மொபெட் வந்தது. அது வசந்தா என்று அப்போது எனக்குத் தெரியாது. கீழத்தெரு முருகையன் மனைவி, நடவு ஆட்களைத் திரட்டிக்கொண்டு போகிறவள். அவள் வயலில் இறங்கினால் மற்ற பன்னிரண்டு பெண்களும் அவள் கைவேகத்துக்கு நடுவார்கள். அன்று முன்னால் ஒரு தவிட்டு மூட்டையை வைத்துக்கொண்டு கடைத்தெருவிலிருந்து வந்துகொண்டிருந்தாள். வெளிச்சம் பட்டதும் ஒரு கையைத் தூக்கிக் கண்ணை மறைத்துக்கொண்டாள். அணைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கட்டைவிரல் தடவியது, ஹாரனில் பட்டது. ஹாரன் சத்தத்தில் அவள் மிரண்டுபோய் ஓரம் ஒடித்தாள். மொபெட் கரையிலிருந்து வயல் பக்கம் சரிந்து இறங்கியது. ஆற்றுப் பக்கம் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கொஞ்ச தூரம் தள்ளி வண்டியை நிறுத்தினேன். திரும்பிப் பார்த்தேன். யாரது, யாரது என்று கீழேயிருந்து அவள் குரல் வந்தது. வலியோடு கேட்கிற குரல். வயலில் தண்ணீர் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் டார்ச்சோடு ஓடிவருவது தெரிந்தது. ஆள் வந்துவிட்டார்கள், பார்த்துக்கொள்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கியரைப் போட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். கரண்ட் அடித்துக் கீழே விழுந்த கூட்டாளியை விட்டுவிட்டு நான் ஒருநாளும் போனதில்லை. அன்று போனேன்.

என் வேட்டியில் இருந்த சேற்றை உன் அம்மா பார்த்தாள். நீ ராத்திரி வெகுநேரம் கழித்துத்தான் முகாமிலிருந்து வந்தாய்; நீ ஜீப்பில் போனது ஊருக்குத் தெரியாது. காலையில் செய்தி தெரு முழுக்கப் பரவியபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நீங்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். போய்ச் சொல்லிடுங்க என்றாள். வேட்டியை மாற்றிக்கொண்டு போகிறேன் என்றேன். மாற்றிக்கொண்டிருக்கும்போதே முருகையன் இரண்டு பேரோடு வாசலுக்கு வந்துவிட்டான். ஊரில் மஞ்சள் விளக்கு இரண்டு வைத்த வண்டி இது ஒன்றுதான். நீ மருந்தகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாய். முருகையன் சத்தம் போடவில்லை. வசந்தாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது, கண்ணில் லைட் அடித்துவிட்டு நிற்காமல் போவது டாக்டர் செய்கிற வேலையா என்று மட்டும் கேட்டான். நீ வண்டியைப் பார்த்தாய். விளக்கு நிமிர்ந்திருப்பதைப் பார்த்தாய். பிறகு கதவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தாய். ஒரு நிமிஷம் இருக்கும். அந்த நிமிஷத்தை நீ எனக்குக் கொடுத்தாய். நான் வாயைத் திறக்கவில்லை.

"வண்டி என்னோடதுங்க," என்றாய் நீ. "லைட்டும் நான்தான் போடச் சொன்னது. வசந்தாக்கா எந்த ஆஸ்பத்திரியில இருக்காங்கன்னு சொல்லுங்க, நான் வர்றேன்."

அதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. ஆனாலும் ஊர் அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இந்த வருஷ சம்பா நடவு முழுக்க வசந்தா கையில் மாவுக்கட்டோடு வரப்பில் உட்கார்ந்திருந்தாள். நீ அவளைக் கட்டு மாற்ற அழைத்துப் போனாய், அவள் மாட்டுக்கு நீயே தீவனம் போட்டாய். ஊரோ உன்னைப் பற்றிப் பேசியது. பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வண்டி, எதுக்கு இந்த லைட் என்று பேசியது. மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் உன்னைக் கூப்பிடாமல் வேறு டாக்டரைத் தேடித் தூரத்து ஊருக்குப் போனார்கள். இதெல்லாம் எனக்குக் கேட்டது. கேட்டுக்கொண்டு டீ குடித்தேன். அதோடு விட்டேனா என்றால் இல்லை. ஒருநாள் டீக்கடையில் ஒருவர், நீங்களாவது கண்டிச்சு வச்சிருக்கலாம்ல என்று என்னைக் கேட்டார். நான் சொன்னேன்:

"நானும் எவ்வளவோ சொல்லித்தான் பாத்தேன். கேக்கல."

தேனு, கரையில் நிற்காமல் வந்ததைவிட இதுதான் என்னை அதிகம் அறுக்கிறது. அங்கே பயந்து ஓடினேன். இங்கே பயமில்லை, அவசரமில்லை, கையில் டீ கிளாஸ் இருந்தது, நிதானமாக உன்னை விற்றேன். யாரோ அதை உன் காதில் போட்டுவிட்டார்கள். அன்று சாயங்காலம் நீ வாசலில் உட்கார்ந்து இரண்டு விளக்கையும் கழற்றினாய். நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்தேன். "வேணாம்பா, நானே கழட்டிக்கறேன்," என்றாய். குரலில் கோபம்கூட இல்லை. நான் கட்டிய வயரை ஒவ்வொரு முடிச்சாக நீ அவிழ்த்ததை உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தையில் சீர்காழிப் பக்கம் மாற்றல் கேட்டு எழுதிப்போட்டதாக உன் அம்மாவிடம் சொன்னாய். என்னிடம் அவள்தான் சொன்னாள்.

நீ போன மறுநாள் சாப்பிட உட்கார்ந்தேன். உன் அம்மா சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவ இனி இங்க இல்ல, இப்பவாவது பயம் விட்டுச்சா என்று கேட்டாள். தட்டைத் தள்ளி வைத்தேன். கையைக் கழுவிவிட்டு நேராகக் கீழத்தெருவுக்குப் போனேன். வசந்தா வாசலில் உட்கார்ந்து இடது கையால் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். வலது கையின் விரல்கள் இன்னும் முழுக்க மடங்கவில்லை. நின்றபடியே சொன்னேன். அன்னைக்கு வண்டி ஓட்டினது என் பொண்ணு இல்ல வசந்தா, நான் என்றேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள். அதிர்ச்சியே இல்லை அவள் முகத்தில்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்ண்ணே. வண்டிய நிறுத்திட்டு ரெண்டு தடவ செருமுனீங்க. கம்பத்துமேல நின்னு நீங்க செருமுறத இத்தன வருஷமா கேட்டிருக்கேன். கேக்காம எங்க வீட்டுக்காரர்ட்ட சொல்ல வேணாம்னு, ஆஸ்பத்திரியிலயே தேனுகிட்ட கேட்டேன். அப்பா தானா வந்து சொல்லுவாங்க, அதுவரைக்கும் யார்ட்டயும் சொல்லாதீங்கக்கான்னு என் கையப் புடிச்சுக்கிச்சு. பொங்கலுக்குள்ள வந்துடுவாங்கன்னு சொல்லுச்சு. பொங்கலும் போயிடுச்சு. அது பாவம், ஒவ்வொரு தடவையும் வந்து, அப்பா வந்தாங்களான்னு கேட்டுட்டுப் போகும்."

நான் அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஊர் உன்னைப் பேசியது, நீ பொறுத்துக்கொண்டாய் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நீ என்னை நம்பிக்கொண்டிருந்தாய் என்பது எனக்குத் தெரியாது. மூன்று மாதம், வாரத்துக்கு இரண்டு முறை, ஒரு வீட்டு வாசலில் போய் என் அப்பா வந்தாரா என்று கேட்டிருக்கிறாய். ஒவ்வொரு முறையும் இல்லை என்ற பதிலோடு திரும்பி வந்து, என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாய்.

மறுநாள் காலை டீக்கடையில் எல்லோரும் இருக்கும் நேரத்தில் சொன்னேன். விளக்கை நிமிர்த்தியது, வண்டியை எடுத்தது, நிற்காமல் வந்தது, பிறகு இதே பெஞ்சில் உட்கார்ந்து சொன்ன பொய் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டுவார்கள் என்று நினைத்துத்தான் போனேன். ஒருவரும் திட்டவில்லை. விடுங்கண்ணே, இருட்டுல தெரிஞ்சிருக்காது என்றார் ஒருவர். வயசான மனுஷன், கை தடுமாறியிருக்கும் என்றார் இன்னொருவர். டீ மாஸ்டர் ஒரு டீயை என் பக்கம் தள்ளி வைத்தார். உனக்கு மூன்று மாதம் கொடுக்காத மன்னிப்பை எனக்கு அரை நிமிஷத்தில் கொடுத்துவிட்டார்கள். அதே ஆட்கள்தான். என் பெண் செய்ததாக நினைத்தபோது ஏன் யாருக்கும் இப்படித் தோன்றவில்லை என்று கேட்டேன். அந்த டீயை நான் குடிக்கவில்லை. முருகையன் ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். கிளம்பும்போது என் பக்கத்தில் வந்தான்.

"எங்களுக்கெல்லாம் சொல்லிட்டீங்க. அந்தப் புள்ளகிட்ட சொன்னீங்களா?"

அதனால்தான் இந்தக் கடிதம். போனை நாலு தடவை எடுத்தேன், உன் பெயரைப் பார்த்தேன், வைத்துவிட்டேன். இதன் இன்னொரு பிரதியை நம் ஊர்ப் படிப்பகத்துப் பலகையில் ஒட்டலாம் என்று நினைக்கிறேன். உனக்குச் சம்மதம் என்றால் மட்டும். இதுவரை உன்னைக் கேட்காமல் செய்ததெல்லாம் போதும். வசந்தாவுக்கு வாரம் இரண்டு நாள் தஞ்சாவூரில் கைக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள் அல்லவா, இனி நான் பஸ்ஸில் அழைத்துப்போகிறேன். அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. முருகையனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். இந்தச் செவ்வாய்க்கிழமை வந்தாள். பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

புத்தி சொல்ல மாட்டேன் என்றேன். இரண்டே இரண்டு விஷயம், கேட்டுக்கொள்கிறேன் என்று வைத்துக்கொள். அந்த விளக்குகளைத் திரும்பப் போட்டுக்கொள். கொள்ளிடக்கரை ரோடு நம் ஊர் ரோட்டைவிட மோசம் என்று கேள்விப்பட்டேன். நீ சுவரில் கோடு போட்டுச் சாய்த்து வைத்த அளவுதான் சரியான அளவு. என் தப்புக்கு நீ இருட்டில் போக வேண்டியதில்லை. இன்னொன்று, நாளைக்கு உன்னோடு வாழ வருகிறவனானாலும் சரி, கூட வேலை செய்கிறவனானாலும் சரி, அவன் பாரத்தை நீ சுமந்துகொண்டு, அவனாகச் சொல்லட்டும் என்று இப்படிக் காத்திருக்காதே. முதல் நாளே கேட்டுவிடு. நீ காத்திருந்தது உன் நல்ல மனசு. அதற்கு நான் லாயக்கானவனாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் நானும் உன் அம்மாவும் சீர்காழிக்கு வருகிறோம். எழுதினதையே உன் முகத்தைப் பார்த்து ஒருமுறை சொல்ல வேண்டும். நீ கதவைத் திறந்தால் உள்ளே வந்து உட்காருவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். யாராவது மாட்டைப் பார்க்கக் கூப்பிட்டு நீ வெளியே போயிருந்தால், போய்விட்டே வா. நான் வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவு நாள் நீ காத்திருந்தாய், அன்று ஒருநாளாவது நான் காத்திருக்கிறேன்.

உன் அப்பா